பெட்டியோடு வந்த காவலாளி

ஏலத்தில் அந்த இரும்புப் பெட்டியை எடுத்தவள் பல்கீஸ். பெட்டியோடு ஒரு மனிதரும் சேர்ந்து வருவார் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

துறைமுகக் கரையோரம் ஒரு திணைக்களம். பெயரைச் சொல்லி அதற்கு மரியாதை சேர்க்க வேண்டியதில்லை. சூறாவளி வந்துபோன இரண்டாவது வருடம், களஞ்சியத்தில் இடத்தை அடைத்துக் கிடந்த உடைசல் சாமான்களை அது ஏலம் கூறியது. காலொடிந்த கதிரைகள், துருவேறிய சங்கிலி, அடியில்லாத வாளிகள். நடுவில் ஆளுயரத்துக்கு ஒரு சாம்பல்நிறப் பெட்டி. கப்பல்களோடு கதைக்கவென்று சீமையிலிருந்து தருவித்த வானொலி அது. வேறெந்த நாட்டுக்கோ செய்ததை மாறி அனுப்பிவிட்டார்கள் போலும். அதன் அலைவரிசையில் எந்தக் கப்பலும் வந்து கதைத்ததில்லை. வந்த நாளிலிருந்து ஒரு வார்த்தை பேசாமல், ஆனால் தினமும் தூசு தட்டப்பட்டு, மாப்பிள்ளை பார்க்க வைத்த பெண்போல நின்றது.

பழைய இரும்பு வாங்குகிறவர்கள் அதைத் தராசுக் கண்ணால் பார்த்தார்கள். பல்கீஸ் பின்தகட்டின் துவாரங்களுக்குள் ரோச் லைற் அடித்துப் பார்த்தாள். உள்ளே எல்லாம் புத்தம் புதிது. லைற்றை உடனே அணைத்தாள். வெளியில் காட்டிக்கொள்ளவில்லை.

"பொம்பிளைப் பிள்ளைக்கு உதென்னத்துக்கு? உடுப்பு வைக்கவோ?" என்றார் ஏலம் கூறிய அதிகாரி. கூட்டம் சிரித்தது.

"ஓம். இடம் மிஞ்சினா உங்களையும் வைச்சுப் பூட்டுறன்."

கூட்டம் இன்னும் பலமாகச் சிரித்தது. அதிகாரி சுத்தியலை மேசையில் அடித்து முடித்துவிட்டார்.

ட்ரக்டரின் பின்பெட்டியில் அதை ஏற்றிக் கயிறு போட்டுக்கொண்டிருக்கும்போது காக்கிச் சேட்டுப் போட்ட ஒருவர் வந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது. நெற்றியில் திருநீறு. ஒரு கையில் பிரம்புக் கதிரை, மறு கையில் குடை, கக்கத்தில் சுடுதண்ணிப் போத்தல். முதலில் கதிரையை ஏற்றினார், பிறகு தானும் ஏறி அதில் அமர்ந்தார்.

"நீங்க எங்க போறீங்க?" என்று கேட்டாள் பல்கீஸ்.

"பெட்டி போற இடத்துக்கு."

அவருடைய பெயர் பாக்கியரத்தினம். வேலை, பெட்டிக் காவல். முந்தி ஒருமுறை களஞ்சியத்தில் களவு போனதால், இந்தப் பெட்டிக்கென்றே தனியாக ஒரு காவலாளியைக் கொழும்பு அமைச்சு நியமித்திருந்தது. பல்கீஸ் அதிகாரியிடம் திரும்பி ஓடினாள்.

"பெட்டியை விக்க எங்களுக்கு அதிகாரம் இருக்கு. ஆளை நீக்க இல்லை. அது கொழும்பில இருந்து வரவேணும். எழுதிப் போட்டிருக்கு," என்றார் அவர்.

"வரும்வரைக்கும் அவர இஞ்சயே வைச்சிருங்களன்."

"பெட்டி இல்லாத இடத்தில பெட்டிக் காவல் எப்பிடி நிக்கிறது? நீர் படிச்ச பிள்ளை. யோசியும்."

படிச்ச பிள்ளை! இந்தச் சொல்லைக் கேட்டால் பல்கீஸுக்குப் பற்றிக்கொண்டு வரும். மூதூரில் தோணிக்குக் கீல் பூசும் ஆதம்பாவாவின் மகள் அவள். அந்தக் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள். பௌதிகவியல் பட்டம். அந்தப் பட்டத்தை வைத்து அவளிடம் ஊர் கேட்ட வேலைகள் இரண்டு: மனுக்கள் நிரப்பிக் கொடுப்பது, வாயை மூடிக்கொண்டிருப்பது. முதலாவதை அவள் செய்தாள்.

பெட்டி அவளுக்கு எதற்கு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

போன மாரியில் அவளுடைய தங்கை றஹ்மாவுக்கு முதல் பிரசவம். மூதூரிலிருந்து திருகோணமலை ஆஸ்பத்திரிக்குக் குடாவைக் கடந்துதான் வரவேண்டும். அன்று காற்றில் ரெலிபோன் கம்பி அறுந்துகிடந்தது. தரைவழியில் ஆறுகளைக் கடக்கும் பாதைப் படகுகளும் நின்றுவிட்டன. ஆஸ்பத்திரிக்கென்று லோஞ்சு, ஒரு விசைப்படகு, இருந்தது. ஓட்டுகிறவர் இருந்தார். டொக்டர் இருந்தார். அவர்களுக்குச் சொல்லத்தான் வழியில்லை. பிள்ளை செத்துப் பிறந்தது. றஹ்மா பிழைத்ததே பெரிய காரியம். இப்போது அவள் மறுபடியும் பிள்ளைத்தாய்ச்சி. மார்கழிக்கு நாள். இந்தமுறை வயிற்றை வெட்டித்தான் எடுக்கவேண்டும், நோவு கண்டதும் கொண்டுவந்துவிடுங்கள் என்று டொக்டர் சொல்லிவிட்டார். நோவுக்கு முதல் வந்து படுக்க ஆஸ்பத்திரியில் கட்டில் இல்லை. பிறர் வீட்டில் போய்க் கிடந்து பிள்ளைக்குக் காத்திருப்பதாவது என்று உம்மாவும் ஒரே பிடியாக நின்றார்.

பொழுதுபோக்காக வானொலியில் கதைக்க உரிமம் பெற்ற அமெச்சூர்காரர்கள் அந்தக் குடாவைச் சுற்றி மூன்றே பேர். ஒருவர் திருகோணமலையில் ஓர்ஸ் ஹில் என்ற குன்றில் இருந்த ஞானசேகரம், ஓய்வுபெற்ற தந்தி உத்தியோகத்தர். அவருடைய வீட்டில்தான் பல்கீஸ் ஓர் அறையில் தங்கி, பட்டணத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது ஆள் அவள். மூன்றாவது றஹ்மாவின் புருசன் ஸைனுலாப்தீன், மூதூரில் வாத்தியார். மதினி பல்கீஸின் தொல்லை தாங்காமல் பரீட்சை எழுதி, மூன்றாம் தரத்தில் தேறினவர். பழைய வாடகைக்கார் வானொலிச் செட் ஒன்றைத் திருத்தி அவருக்குக் கொடுத்திருந்தாள். பற்றரியில் ஓடும் சின்னச் செட். அதன் குரல் குடாவைக் கடந்து ஓர்ஸ் ஹில் உச்சிவரை வரும். லோஞ்சு நிற்பதோ குன்றுக்குப் பின்னால் உள்துறைமுகத்தில். அலை குன்றைச் சுற்றிப் போகாது.

ஆகவே குன்றின் மேல் ஒரு ரிப்பீட்டர் வேண்டும். ஒரு காதால் கேட்டதை அதே கணத்தில் வேறோர் அலைவரிசையில் உரத்துச் சொல்லும் பெட்டி. புதிதாக வாங்க இந்த நாட்டில் கடை கிடையாது. கழிக்கப்பட்ட பெட்டி ஒன்றைப் பிடித்து மாற்றித்தான் செய்யவேண்டும். பல்கீஸ் பிடித்துவிட்டாள். பாக்கியரத்தினமும் சேர்ந்து பிடிபட்டுவிட்டார்.

ஞானசேகரத்தின் கார்க் கொட்டகையில் பெட்டியை இறக்கினார்கள். பாக்கியரத்தினம் அதற்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக் குடையைச் சுவரில் சாத்திவிட்டு அமர்ந்தார். பல்கீஸ் திருப்புளியை எடுத்ததும் எழுந்தார்.

"தொடாதேங்கோ, பிள்ளை."

"இது என்ர பெட்டி."

"பெட்டி உங்கட. காவல் என்ர. இதுக்குள்ள இருந்து ஒண்டும் வெளியேறப்படாது. என்ர கடமை அதுதான். வாற வருசம் எனக்குப் பென்சன். இவ்வளவு காலத்தில ஒரு திருகாணி குறைஞ்சதெண்டு ஒருத்தரும் சொன்னதில்லை."

பல்கீஸ் திருப்புளியை ஓங்கினாள். எறிவதா குத்துவதா என்று அவளுக்கே தெரியவில்லை. குசினியிலிருந்து எட்டிப் பார்த்த ஞானசேகரத்தின் மனைவி புஷ்பவதி, "அந்தாளை அடிச்சால் பொலிசு வரும். பெட்டியைக் கொண்டு போயிடுவாங்கள்," என்றார். நியாயமான கதை. பல்கீஸ் கையை இறக்கினாள்.

"உள்ளுக்குப் போறதைப் பற்றி உங்கட கடமை என்ன சொல்லுது?"

பாக்கியரத்தினம் நாடியைத் தடவினார். "அதைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை."

"உள்ளுக்குள்ளேயே ஒரு சாமானை இடம் மாத்தினா?"

"உள்ள இருக்குத்தானே. அதில எனக்கென்ன?"

இப்படித்தான், உலகத்தில் யாரும் ஒரு வானொலியைத் திருத்தாத முறையில் அந்த வானொலி திருத்தப்பட்டது. எதுவும் கழிக்கப்படவில்லை, எல்லாம் கூட்டப்பட்டது. வேண்டாத பாகங்களைப் பல்கீஸ் கழற்றிப் பெட்டியின் அடித்தட்டிலேயே அடுக்கினாள். கேட்பதற்கென்று தனிக் காது தேவைப்பட்டபோது கொழும்பில் பழைய சாமான் கடைகளில் அலைந்து இன்னொரு வாடகைக்கார்ச் செட்டைக் கொண்டுவந்து உள்ளே திணித்தாள். பாக்கியரத்தினம் கதவைத் திறந்துவிட்டார். "வரட்டும், வரட்டும்," என்றார், கலியாண வீட்டில் பந்திக்கு ஆள் கூப்பிடுகிறவர்போல.

கஷ்டம் வந்தது படிகத்தில். ஒரு வானொலி எந்த அலைவரிசையில் கதைக்கும் என்பதைத் தீர்மானிப்பது நகம் அளவான ஒரு பளிங்குத் தகடு. அதைக் கண்ணாடியின் மேல் பசை பூசித் தேய்த்துத் தேய்த்து மெலியவைத்தால் அலைவரிசை ஏறும். தகட்டை வெளியில் எடுக்க முடியாதே! பல்கீஸ் பெட்டிக்குள் இடுப்புவரை புகுந்து, முழங்காலில் நின்று, உள்ளே ஒரு கண்ணாடித் துண்டை வைத்துத் தேய்த்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்து தினமும் இதே வேலை. வெளியில் இரண்டு கால்கள் மட்டும் தெரியும். றஹ்மாவுக்கு எத்தனையாம் மாதம் என்று எண்ணிக்கொண்டே தேய்ப்பாள்.

"தேய்க்கிற தூள் விழுகுது, பிள்ளை. அதுவும் பெட்டியின்ர சாமான்," என்றார் பாக்கியரத்தினம். அதற்கு ஒரு மூடியுள்ள தகரப் பேணி வாங்கிவந்தார், தன் செலவில். தூள் பேணிக்குள் போனது. பேணி பெட்டிக்குள் போனது.

புஷ்பவதி தேத்தண்ணியை உள்ளே நீட்டுவார். ஒருநாள் வெறும் கோப்பை வெளியே வந்தபோது பாக்கியரத்தினம் அதை மறித்தார்.

"கோப்பை வெளியால வந்தது தானே? உள்ள இருந்ததெல்லோ?"

"அது நான் குடுத்த கோப்பை!" என்றார் புஷ்பவதி.

அவர் நெடுநேரம் யோசித்துத் தீர்ப்புச் சொன்னார். களஞ்சியத்தில் ஒரு வழக்கம் உண்டாம். வெளியாள் கொண்டுவந்த சாமானை வெளியாள் கொண்டுபோகலாம், கொண்டுவந்ததுதானா என்று பார்த்துவிட்டு. கோப்பையைத் திருப்பிப் பார்த்தார். அதே கோப்பை. தேத்தண்ணி?

"தேத்தண்ணி எனக்குள்ள இருக்கு," என்றது பெட்டிக்குள்ளிருந்து பல்கீஸின் குரல்.

"நீங்களும் வெளியால வருவீங்கள்தானே. அப்ப சரி."

அடுத்தது பித்தளை. ஒரே ஏரியலில் ஒரே நேரத்தில் கத்தவும் கேட்கவும் வேண்டுமென்றால், தன் கத்தலே தன் காதை அடைத்துவிடும். இடையில் கத்தலை வடிக்க, முழங்கையை விட நீளமான நாலு உலோகக் குழாய்கள் வேண்டும். ஓர்ஸ் ஹில்லில் அதற்கா பஞ்சம்? வெள்ளைக்காரன் யுத்தக் காலத்தில் விட்டுப்போன பீரங்கிக் குண்டுகளின் பித்தளைக் கூடுகள் பழைய வீடுகளில் இன்னும் விறாந்தையை அலங்கரித்துக்கொண்டிருந்தன. புஷ்பவதியைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனாள். ஒரு வீட்டில் அதில் குடைகள் நின்றன. ஒரு வீட்டில் வெற்றிலைத் துப்பலுக்கு வைத்திருந்தார்கள். அதைக் கழுவப் புளி போதாமல் போனது. ஒரு வீட்டம்மா, தன் பிளாஸ்ரிக் ரோசாப் பூக்களையும் சேர்த்து வைத்தால்தான் தருவேன், பூவில்லாமல் அதைப் பார்க்க ஏலாது என்று கண்கலங்கினார். நாலில் ஒன்றின் வாயில் ரோசாப் பூ மலர்ந்தபடியே அந்த ரிப்பீட்டர் இயங்கியது என்பதை இங்கே சொல்லாமல் விட்டால் பாவம்.

ஐப்பசியில் முதல் சோதனை. மூதூரிலிருந்து ஸைனுலாப்தீன், "அஸ்ஸலாமு அலைக்கும்," என்றார். பெட்டியின் ஊசி துள்ளியது. பல்கீஸின் கையிலிருந்த செட்டில், "அஸ்ஸலாமு அலைக்கும்," என்று கணீரென்று வந்தது. ஞானசேகரம் கை தட்டினார். பல்கீஸுக்குக் கண்ணில் நீர் முட்டியது.

"நிப்பாட்டுங்கோ!" பாக்கியரத்தினம் பாய்ந்து எழுந்தார். "என்னவோ வெளியால போகுது!"

"குரல், ஐயா. வெறும் குரல்."

"வெறுமோ நிறையோ, போகுதோ இல்லையோ?"

"அது பெட்டியின்ர குரலில்ல. மூதூரில இருந்து வந்தது. வெளியாள் கொண்டுவந்ததை வெளியாள் கொண்டுபோகலாம் எண்டு நீங்கதான சொன்னீங்க?"

அவர் மடங்கினார். ஆனால் ஒரு நிபந்தனை. வந்ததுதான் போகிறதா என்று பார்க்கவேண்டும். அதற்காகப் பல்கீஸ் அவருக்கு ஒற்றைக் காதுக் குழாய் ஒன்றைப் பெட்டியின் கேட்கும் பக்கத்தில் பொருத்திக் கொடுத்தாள். இடது காதில் உள்ளே வருவது. வலது காதுப் பக்கம் ஒரு கைச்செட், வெளியே போவது. அன்றிலிருந்து அவர் கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் ஒப்பிட்டபடி இருந்தார்.

மறுநாளே ஒரு புகார். "ஆள் கதைச்சு முடிஞ்ச பிறகும் பெட்டி ஒரு கணம் இரைஞ்சுகொண்டு நிக்குது, பிள்ளை. அந்த இரைச்சல் ஒருத்தரும் கொண்டுவந்ததில்லை. அது பெட்டியின்ர சொந்தச் சரக்கு."

உலகத்து ரிப்பீட்டர்களுக்கெல்லாம் அந்த வால் உண்டு. இந்த ஒன்றுக்கு மட்டும் பல்கீஸ் அதை ஒட்ட நறுக்கினாள். பற்களை நறநறவென்று கடித்துக்கொண்டுதான் நறுக்கினாள். மறுபுறம் ஞானசேகரம் சட்டம் பேசினார். பட்டன் அமுங்கியபடி சிக்கிக்கொண்டால் பெட்டி ஓயாமல் கத்தி எரிந்துபோகும். ஒரே மூச்சில் இரண்டு நிமிடத்துக்கு மேல் யாரும் கதைத்தால் தானாக வாயை மூடவேண்டும். அதையும் வைத்தாள்.

லோஞ்சு ஓட்டும் கனகரத்தினத்திடம், கேட்க மட்டும் முடிகிற ஒரு சின்னச் செட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"நல்ல விசயம்," என்றார் அவர். "ஆனா ஒண்டு சொல்லிப்போட்டன், தங்கச்சி. கரையில நிண்டு ஆரோ கத்தினதை நம்பி லோஞ்சை அவிட்டு, அங்க ஒண்டும் இல்லாம வந்து, ரெண்டு தரம் விளக்கம் எழுதினனான். இனி மூதூர் ஆள் சொல்லுறதை இந்தப் பெட்டியில என்ர காதால கேட்டாத்தான் கயிறு அவிழும். நீ வந்து காலில விழுந்தாலும் அவிழாது."

"நான் ஏன் உங்கட காலில விழுறன்?" என்றாள் பல்கீஸ்.

எல்லாம் சரியாக இருந்தது. ஸைனுலாப்தீனைத் தவிர. மனிதர் தங்கம், கதைதான் நீளம். ஒருவரோடு கதைக்கத் தொடங்கினால் அவர் வீட்டில் நடக்கிற, பறக்கிற எல்லாவற்றின் சுகத்தையும் கேட்காமல் விசயத்துக்கு வருவது அவர் வளர்ந்த முறையில் அவமரியாதை. அதோடு பிரசவம், நோவு என்ற சொற்களை, மதினி கேட்க, ஊரில் பிற ஆண்கள் கேட்க, காற்றில் விடுவதாவது! பல்கீஸ் அவருக்குப் படித்துப் படித்துச் சொன்னாள்: "லோஞ்சு வேணும் எண்டு மட்டும் சொல்லுங்க. ரெண்டு சொல்லு." அவர் அதற்கும் சுகம் விசாரித்துவிட்டுத்தான் ஓம் என்றார்.

மார்கழி நடுவில் ஒரு நாள். பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை. காலையிலிருந்து மழை, பிற்பகலில் காற்றும் சேர்ந்தது. கொட்டகைக்குள் பாக்கியரத்தினம் காதில் குழாயோடு அமர்ந்திருக்க, பல்கீஸ் பற்றரிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். செட் உயிர்த்தது.

"அஸ்ஸலாமு அலைக்கும். இது மூதூர். ஸைனுலாப்தீன் கதைக்கிறன். மதினிக்குச் சுகமா இருக்கும் எண்டு நினைக்கிறன். ஞானசேகரம் சேருக்கு எப்பிடி? அவங்கட மிஸிஸுக்கு அந்தத் தலைச்சுத்து விட்டுட்டுதா? பாக்கியரத்தினம் அண்ணன்ர இருமல்..."

"விசயத்துக்கு வாங்க!" என்று பல்கீஸ் செட்டைப் பார்த்துக் கத்தினாள். அவர் பட்டனை அமுக்கியிருக்கும்வரை அவருக்கு எதுவும் கேட்காது. வெள்ளம் எந்தப் படிவரை வந்திருக்கிறது, தன் உம்மாவின் கால்நோவு எப்படி, பள்ளிவாசல் ஓடு எத்தனை பறந்தது என்று வந்துகொண்டிருந்தது. குரல் மட்டும் நடுங்கியது. புஷ்பவதி குசினியிலிருந்து ஓடிவந்தார். ஞானசேகரமும் வந்தார்.

"பிறகு... இஞ்ச வீட்டில கொஞ்சம்... அதாவது, என்னெண்டு சொல்லுறது... இண்டைக்குப் பகல் தொழுகைக்குப் பிறகு..."

டக். இரண்டு நிமிடம் முடிந்தது. பெட்டி வாயை மூடிக்கொண்டது.

கொட்டகையில் மழைச் சத்தம் மட்டும். பாக்கியரத்தினத்தின் இடது காதில் குழாய் இருந்தது. பெட்டியின் வாய்தான் மூடியது, காது மூடவில்லை. அவருடைய முகம் மாறிக்கொண்டே வந்தது. சற்றைக்கெல்லாம் குழாயைக் கழற்றி மடியில் வைத்தார்.

"என்ன சொன்னார்?" என்றாள் பல்கீஸ்.

"சொல்லேலாது, பிள்ளை."

"என்ன?"

"உள்ள வந்தது. வெளியால போகேல்லை. இப்ப அது பெட்டிக்குள்ள நிக்குது. பெட்டிக்குள்ள இருக்கிறதை நானே எடுத்துக் குடுத்தால், காவல் எதுக்கு?"

"அது உங்கட காதுக்குள்ள இருக்கு!"

"என்ர காது அந்த நேரம் கடமையில நிண்டது."

பல்கீஸ் செட்டைப் பறித்து மூதூரைக் கூப்பிட்டாள். கூப்பிட்டாள், கூப்பிட்டாள். பதில் இல்லை. சொல்லியாயிற்று என்ற நிம்மதியில் மனிதர் செட்டைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடியிருப்பார். குன்றிறங்கிக் கனகரத்தினத்திடம் ஓடலாமா? மூதூர் ஆள் சொல்லிச் செட்டில வரேல்லையே, தங்கச்சி, என்பார். அவளே செட்டில் கத்தினாலும் அதே பதில்தான். போன மாரி அவள் கண்முன்னால் வந்து நின்றது. லோஞ்சு இருக்கிறது. ஓட்டுகிறவர் இருக்கிறார். டொக்டர் இருக்கிறார். இந்தமுறை சொல்லவும் ஆள் இருக்கிறார், கதிரையில், திருநீறு பூசிக்கொண்டு.

"பாவி மனிசா! அங்க ஒரு பொம்பிளை சாகக் கிடக்கிறாள்!" என்று புஷ்பவதி அகப்பையை ஓங்கினார்.

"எனக்கு மட்டும் நெஞ்சு இல்லையோ, அம்மா?" பாக்கியரத்தினத்தின் கண்கள் கலங்கியிருந்தன. "இருபத்தெட்டு வருசம் இப்பிடியே இருந்திட்டன். இப்ப வேற மாதிரி இருக்க எனக்குத் தெரியேல்லை. ஒரு வழி சொல்லுங்கோ. ஓடியே செய்யிறன்."

பல்கீஸ் அவரை அடிக்கத்தான் போனாள். அவர் முகத்தைப் பார்த்ததும், இந்த ஆளை அடித்தால் அந்தச் சொல் இன்னும் ஆழத்துக்குப் போய்விடும் என்று தோன்றியது. மூச்சை இழுத்துவிட்டாள். பட்டமும் பௌதிகவியலும் ஒரு மூலையில் கிடக்கட்டும்.

"ஐயா, உள்ள போறதைப் பற்றி உங்கட கடமையில ஒண்டும் இல்லத்தான?"

"இல்லை."

"அப்ப இந்தச் செட்டைப் பிடிங்க. நீங்க கேட்டதை அப்பிடியே இதில சொல்லுங்க. அது உள்ள போகும். உள்ள போனது வெளியில வரும். நீங்க எனக்கு ஒண்டும் தரயில்ல."

அவர் விரல்விட்டு எண்ணினார். "ஸைனுலாப்தீன் தம்பி சொன்னது ஒண்டு உள்ள நிக்குது. நான் சொல்லுறது ஒண்டு போகும், அது வெளியால வரும். முதலாவது உள்ளயே நிக்கும். குறையேல்லை. கூடத்தான் செய்யுது." முகம் விடிந்தது. "ஏலும், பிள்ளை! ஏலும்!"

"உரிமம் இல்லாத ஆள் கதைக்கப்படாது. சட்டப்படி அது..." என்று தொடங்கினார் ஞானசேகரம். புஷ்பவதி அகப்பையை அவர் பக்கம் திருப்பினார். அவர் மழையைப் பார்க்கத் தொடங்கினார்.

பாக்கியரத்தினம் செட்டை வாயருகே பிடித்தார். வந்ததே போகவேண்டும் அல்லவா? ஸைனுலாப்தீனின் அதே நடுக்கத்தோடு, அதே மூதூர்ப் பேச்சில் சொன்னார்.

"மதினி, என்ன மன்னிச்சுக்கொள்ளுங்க, பேசக் கூடாத பேச்சு. பன்னீர்க்குடம் உடைஞ்சு போச்சு. நோவு நிக்குதில்ல. லோஞ்ச அனுப்பச் சொல்லுங்க. யா அல்லாஹ், லோஞ்ச அனுப்பச் சொல்லுங்க." பட்டனை விடாமலே பல்கீஸைப் பார்த்தார். "பிறகு தம்பி அழுதவர். அதையும் சேர்க்கவேணுமோ?"

கேட்டவரே அழுதுகொண்டிருந்தார். பெட்டி அதையும் ஒரு துளி குறையாமல் உள்துறைமுகத்துக்குச் சொன்னது.

சிறிது நேரத்தில் குன்றுக்குப் பின்னாலிருந்து லோஞ்சின் ஹோர்ண் நீளமாக ஒலித்தது. பல்கீஸ் கொட்டகைக்கு வெளியே மழையில் போய் நின்றாள். உள்துறைமுக வாய்க்குள்ளிருந்து அது வெளியே வந்து, அலையில் மூக்கைத் தூக்கி, மூதூரை நோக்கித் திரும்பும்வரை நின்றாள். பிறகு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரித் துறைக்கு ஓடினாள்.

இருட்டுவதற்கு முன் றஹ்மாவை இறக்கினார்கள். நேரே கத்திக்குக் கொண்டுபோனார்கள். பெண் பிள்ளை. பிள்ளை கத்தியதை வெளியிலிருந்த வாங்கில் அமர்ந்தபடி பல்கீஸ் கேட்டாள். பக்கத்தில் ஸைனுலாப்தீன் சொட்டச் சொட்ட நனைந்துபோய் இருந்தார். அவர் வாயைத் திறந்தபோது, "இப்ப ஒருத்தர்ட சுகமும் கேக்காதங்க," என்றாள். அவர் மூடிக்கொண்டார். அன்று இரவு முழுவதும் அவர் மூடிக்கொண்டே இருந்தார்.

காலையில்தான் வார்டுக்குள் விட்டார்கள். தாதி பிள்ளையைத் துணியில் சுற்றி அவர் கையில் வைத்தார். ஸைனுலாப்தீன் தொழும் திசையான கிப்லாவைத் தேடிக் கொஞ்சம் தடுமாறி, கடைசியில் ஜன்னல் பக்கமாக நின்று, குனிந்து, பிள்ளையின் வலது காதில் மெதுவாகப் பாங்கு சொன்னார். முன்னால் ஒரு சொல் இல்லை. பின்னால் ஒரு சொல் இல்லை. சொல்லி முடித்ததும் நிமிர்ந்து பிள்ளையைத் தாயின் பக்கத்தில் கிடத்தினார்.

றஹ்மா கண்ணைத் திறக்காமலே படுத்திருந்தாள். தூங்குகிறாள் என்றுதான் பல்கீஸ் நினைத்தாள்.

"ராத்தா," என்றாள் றஹ்மா, "இவருக்குச் சுருக்கமாக் கதைக்கவும் ஏலும் போல."